கோர்டோபாவுக்கு மூன்று மணி நேரம் போதுமா? (ஸ்பெயின், ஏப்ரல் பயணம்)

வழித்துணை | பிப்ரவரி 9, இரவு 9.14

வணக்கம். ஏப்ரலில் நான், மனைவி, அம்மா மூவரும் ஸ்பெயின் போகிறோம். மொத்தம் ஒன்பது நாள். மாட்ரிடில் இறங்கி, அங்கிருந்து செவியா, கிரனாடா. மாட்ரிடிலிருந்து செவியா போகும் அதிவேக ரயில் கோர்டோபா வழியாகத்தான் போகிறது. அதனால் காலை பதினோரு மணி வாக்கில் கோர்டோபாவில் இறங்கி, மெஸ்கீத்தா என்கிற அந்தப் பழைய பெரிய மசூதியைப் பார்த்துவிட்டு, இரண்டு மணி ரயிலைப் பிடித்து செவியா போய்விடலாம் என்று யோசனை. போதுமா? ஊருக்கு வெளியே மதீனா அசாரா என்று ஓர் இடிந்த அரண்மனை நகரம் இருக்கிறதாமே, அதையும் சேர்க்க முடியுமா?

அம்மாவுக்கு 67 வயது. நன்றாக நடப்பார், படி ஏறினால் மட்டும் முழங்கால் வலிக்கும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

செவ்வானம் | பிப்ரவரி 9, இரவு 10.02

தாராளமாகப் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மசூதி ஒன்று, ரோமானியப் பாலம் ஒன்று, பக்கத்தில் யூதர் தெருக்கள். எல்லாம் பத்து நிமிட நடைக்குள். மிச்சப்படும் நேரத்தை கிரனாடாவுக்குக் கொடுங்கள். அங்குள்ள அல்ஹம்பிரா என்கிற கோட்டை அரண்மனைக்கு ஒரு முழு நாள் வேண்டும். அதில் நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழைய நேரம் குறித்த சீட்டு, அதை இப்போதே எடுத்துவிடுங்கள். மதீனா அசாராவை மறந்துவிடுங்கள், அந்த மூன்று மணி நேரத்தில் நடக்காது.

கல்தச்சன் | பிப்ரவரி 10, காலை 6.40

செவ்வானம் சொல்வதில் அல்ஹம்பிரா சீட்டு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. மற்றதில் எனக்கு உடன்பாடில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில். வழிகாட்டி குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நாற்பது பேர் பின்னால் ஓடினோம். ஐம்பது நிமிடத்தில் வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். சிவப்பும் வெள்ளையுமாக நிறைய வளைவுகள் இருந்தன என்பதைத் தவிர எதுவும் மனதில் நிற்கவில்லை. அந்த வருத்தம் நான்கு வருடம் என்னோடு இருந்தது. இரண்டாம் முறை தனியாகப் போய் இரண்டு இரவு தங்கினேன்.

திங்கள் முதல் சனி வரை காலை 8.30க்குக் கதவு திறக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரம் கட்டணம் கிடையாது, குழுக்களை விடுவதும் கிடையாது. உள்ளே மொத்தமே சில பேர்தான் இருப்பார்கள். முந்தின இரவு ஊரிலேயே தங்கியிருந்தால் எழுந்து, பல் துலக்கி, நடந்தே போய்விடலாம். என்னைக் கேட்டால், கோர்டோபாவில் ஓர் இரவு தங்குவதற்கு இந்த ஒரு மணி நேரமே போதுமான காரணம்.

நுழைந்ததும் நீங்கள் நிற்பது மிகப் பழைய பகுதி. டமாஸ்கஸில் உமய்யா குலம் ஆட்சியை இழந்து, குடும்பத்தில் பெரும்பாலோர் கொல்லப்பட்டபோது தப்பி ஓடிய இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான். வட ஆப்பிரிக்கா முழுவதும் அலைந்து ஸ்பெயினுக்கு வந்து 756இல் கோர்டோபாவின் அமீர் ஆனார். 785 வாக்கில் இந்தப் பள்ளிவாசலைத் தொடங்கினார். கோர்டோபாவில் ஒரு பேரீச்ச மரத்தைப் பார்த்து, நீயும் என்னைப் போலவே பிறந்த மண்ணை விட்டு வந்தவள்தானே என்று அவர் பாடிய கவிதை அரபு இலக்கியத்தில் இன்றைக்கும் பேசப்படுகிறது.

இப்போது தூண்களின் அடியைப் பாருங்கள். வளைவுகளை எல்லோரும் பார்ப்பார்கள், அடியைப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு தூணுக்குப் பீடம் இருக்கும். பக்கத்துத் தூணுக்கு இருக்காது, நேராகத் தரைக்குள் இறங்கியிருக்கும். ஒன்று சாம்பல் நிறம், அடுத்தது இளஞ்சிவப்பு, இன்னொன்றில் கரும்பு முறுக்கினது போலத் திருகு வரிகள். மேலே போதிகை இருக்கவேண்டிய இடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலைப்பாடு. காரணம், இவை ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் முஸ்லிம்களுக்கு முன் ஆண்ட விசிகோத்துகளின் தேவாலயங்களிலிருந்தும் எடுத்து வந்த பழைய தூண்கள். நீளமானதைத் தரையில் இறக்கினார்கள், குட்டையானதைப் பீடத்தில் ஏற்றினார்கள், தலை மட்டம் சரியாக வந்துவிட்டது. அப்படியும் இவ்வளவு பெரிய கூடத்துக்கு உயரம் போதவில்லை. அதற்குத்தான் அந்த இரட்டை வளைவு. கீழே குதிரை லாட வடிவ வளைவு தூண்களை இழுத்துப் பிடிக்கிறது. அதற்கு மேல் ஒரு தூண் எழுப்பி, அதன்மேல் அரைவட்ட வளைவு கூரையைத் தாங்குகிறது. இரண்டுக்கும் நடுவே வெறும் காற்று. சிவப்பு என்பது செங்கல், வெள்ளை என்பது கல். கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டிய நெருக்கடியில் பிறந்த வடிவம் இது. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் தெற்கே நடங்கள். இரண்டாம் அப்துர் ரஹ்மான் நீட்டியது, அதற்குப் பின் 960களில் இரண்டாம் அல்-ஹகம் நீட்டியது என்று காலம் உங்கள் காலடியில் நகரும். அல்-ஹகம் பகுதிக்குப் போனதும் தூண்கள் ஒழுங்காகிவிடும். பழையதைத் தேட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை, புதிதாகச் செதுக்கவைத்தார். ஒரு இளஞ்சிவப்பு, ஒரு கருநீலம் என்று மாறி மாறி வரும். கடைசியில் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடம். பைசாந்தியப் பேரரசர் அனுப்பிய கைவினைஞரும் கண்ணாடித் துண்டுகளும் சேர்ந்து உருவான பொன் மொசைக் அது. அங்கே கம்பித் தடுப்பு உண்டு, எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும். சூரியன் ஏறிய பிறகு கூட்டம் நெருக்கும், காலையில் முதல் ஆளாக அங்கே போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று. கிழக்குப் பக்கம், அல்-ஹகமின் மகன் காலத்தில் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த அமைச்சர் அல்-மன்சூர் 987இல் தொடங்கிய விரிவாக்கம். தெற்கே ஆறு வந்துவிட்டதால் பக்கவாட்டில் நீட்டினார். அதனால்தான் மிஹ்ராப் இன்று கட்டடத்தின் நடுவில் இல்லை. அந்தப் பகுதி வளைவுகளைக் கூர்ந்து பாருங்கள். செங்கல் இருக்காது. முழுக்கக் கல், அதன்மேல் சிவப்புச் சாயம் பூசியிருப்பார்கள். முதல் அமீர் செங்கல்லும் கல்லுமாக அடுக்கியதற்கும் இதற்கும் இருநூறு வருட இடைவெளி. இரண்டையும் ஒரே காலைப்பொழுதில், அடுத்தடுத்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் பதினோரு மணிக்கு, தோளில் பையோடு, கைபேசியில் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே பார்க்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

கோமதி | பிப்ரவரி 10, காலை 11.25

தம்பி, அம்மா சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். கோர்டோபாவின் சொந்தப் பண்டம் சால்மொரேஹோ. தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்துக் குழைய அரைத்து, குளிரக் குளிரக் கிண்ணத்தில் தருவார்கள். கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும். ஆனால் அதன் மேலே அவித்த முட்டையும் பன்றித் தொடைக்கறித் துணுக்கும் தூவிவிடுவார்கள், அதுதான் வில்லங்கம். கேட்கும்போதே "சின் ஹமோன், சின் உவேவோ" என்று சொல்லிவிடுங்கள். கறி வேண்டாம், முட்டை வேண்டாம் என்று அர்த்தம். நானும் சைவம்தான், நான்கு நாள் இதை வைத்தே ஓட்டினேன்.

இன்னொன்று, கத்தரிக்காயை மெலிதாக நறுக்கிப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றுவார்கள். நம்ம வாய்க்கு ரொம்பப் பிடிக்கும். மாவில் முட்டை சேர்த்தார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும், இரவு ஒன்பதுக்கு. பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் அம்மாவுக்குக் கொடுக்கப் பையில் பழமோ முறுக்கோ வைத்திருங்கள்.

செவ்வானம் | பிப்ரவரி 10, மாலை 5.50

கல்தச்சன், நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கும் திரும்பப் போக ஆசை வந்தது உண்மை. ஆனால் நான் ஏன் சீக்கிரம் வெளியே வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூண் காட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று கூரை மேலே மேலே எழும்பி, வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய தேவாலயம் நடுவில் நிற்கிறது. நெஞ்சில் குத்தின மாதிரி இருந்தது. ஒருவருடைய தொழுகை இடத்தின் நடுவைக் குடைந்து இன்னொருவர் தன்னுடையதைக் கட்டியிருக்கிறார். அதற்குப் பின் என்னால் அழகு என்று எதையும் ரசிக்க முடியவில்லை. தேவாலயம் தனியாக எங்கேயாவது இருந்திருந்தால் அருமை என்று சொல்லியிருப்பேன். அங்கே அது இருக்கக் கூடாது.

நீலாம்பரி | பிப்ரவரி 10, இரவு 8.33

கட்டடக் கலை படித்தவள் என்கிற முறையில் குறுக்கிடுகிறேன்.

செவ்வானத்தின் வருத்தம் 500 வருடப் பழையது. 1236இல் காஸ்டில் நாட்டுக் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாண்டோ கோர்டோபாவைப் பிடித்ததும் மசூதியைத் தேவாலயமாக அர்ச்சித்தார்கள். ஆனால் அதற்கப்புறம் கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டு கட்டடத்தைப் பெரிதாகக் கலைக்கவில்லை. ஓரங்களில் சிறு ஆலயங்கள், ஒரு சின்ன நடுக்கூடம், அவ்வளவுதான். 1523இல் ஆயர் அலோன்சோ மன்ரீக்கே நடுவை இடித்துப் பெரிய தேவாலயம் கட்ட முடிவு செய்தபோது எதிர்த்து நின்றது யார் தெரியுமா? அந்த ஊர் நகர சபை. எல்லோரும் கிறிஸ்தவர்கள். இடிக்கும் வேலையில் கை வைக்கிற தொழிலாளிக்கு மரண தண்டனை என்று ஆணையே போட்டார்கள். விவகாரம் பேரரசர் ஐந்தாம் கார்லோஸிடம் போய், அவர் ஆயர் பக்கம் தீர்த்தார். கட்டி முடிக்க 1607 ஆகிவிட்டது. பிற்பாடு நேரில் வந்து பார்த்த பேரரசரே அனுமதி கொடுத்ததற்கு வருந்தினார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அது வழிவழியாகச் சொல்லப்படுவது, ஆவணம் காட்ட முடியாது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வழித்துணை அடுத்து செவியா போகிறாரே, அங்கேயும் இதே மாதிரி ஒரு பெரிய மசூதி இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் தேவாலயம் கட்டுவதற்காக அதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். மிஞ்சியது மினாராவும் முற்றமும்தான். அந்த மினாராதான் இன்று கிரால்டா என்று எல்லோரும் படம் எடுக்கிற மணிக்கூண்டு. கோர்டோபாவில் நடுவில் தேவாலயம் வந்ததால்தான் சுற்றியுள்ள தூண்கள் தப்பின. இன்று 856 தூண்கள் நிற்கின்றன. நான் அந்தத் தேவாலயத்துக்குள் உட்கார்ந்து, திருப்பலிப் பாடகர்கள் அமரும் மஹோகனி இருக்கைகளின் செதுக்கலை அரை மணி நேரம் பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டில் பெத்ரோ தூக்கே கொர்னேஹோ செய்தது. அதை வெறுக்க எனக்கு மனம் வரவில்லை.

செவ்வானம் | பிப்ரவரி 10, இரவு 9.15

செவியா உதாரணம் எனக்குத் தோன்றவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் முழுசாக இடிக்காமல் விட்டார்கள் என்பதற்காக நடுவில் இடித்ததை ஏற்க என்னால் முடியாது. உங்கள் நகர சபைக்காரர்கள் பக்கம்தான் நான் நிற்பேன்.

கல்தச்சன் | பிப்ரவரி 10, இரவு 9.58

இதில் நான் செவ்வானத்தோடு. ஆனால் பார்க்காமல் திரும்பியதற்கு அது காரணம் ஆகாது. அந்த இடத்தின் வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு போகலாம். 2006இல் மறைமாவட்டம் 30 யூரோ செலவில் கட்டடத்தைத் தன் பெயரில் பதிவு செய்ததும், அது பொதுச் சொத்தா திருச்சபைச் சொத்தா என்று ஊரில் பெரிய விவாதம் கிளம்பியது. கோர்டோபாக்காரர்கள் பேச்சில் அது எப்போதும் மெஸ்கீத்தாதான்.

வழித்துணை | பிப்ரவரி 11, காலை 8.05

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். செவியாவில் ஒரு நாளைக் குறைத்துக் கோர்டோபாவில் ஓர் இரவு என்று முடிவாகிவிட்டது. இரண்டு நாள் கையில் இருக்கிறது, இனி மதீனா அசாரா முடியுமா?

மாலகாவாசி | பிப்ரவரி 11, மதியம் 1.47

முடியும். நான் இந்தப் பக்கம் ஒன்பது வருடமாக இருக்கிறேன், வருகிற விருந்தாளிகளைக் கூட்டிப்போயே பழக்கம். ஊருக்கு மேற்கே எட்டு கிலோமீட்டர். கோர்டோபாவிலிருந்து தனிப் பேருந்து உண்டு, முன்பதிவு செய்யுங்கள். அது கீழே அருங்காட்சியகத்தில் விடும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சிறு பேருந்தில் மேலே இடிபாடுகளுக்கு. போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். திங்கள்கிழமை விடுமுறை, கவனம். நுழைவுக் கட்டணம் ஒன்றரை யூரோதான், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு அதுவும் கிடையாது.

929இல் தன்னைக் கலீஃபா என்று அறிவித்துக்கொண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மான், அந்தப் பட்டத்துக்கு ஏற்ற தலைநகர் வேண்டும் என்று 936 வாக்கில் தொடங்கியது இது. மலைச்சரிவில் மூன்று அடுக்கு. எண்பது வருடம்கூட நிற்கவில்லை. 1010ஐ ஒட்டிய உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டு, பிறகு சுற்று வட்டாரத்தில் எதைக் கட்டினாலும் கல் எடுக்கும் குவாரியாகிவிட்டது. 1911இல் தோண்டத் தொடங்கினார்கள், இன்னும் பத்தில் ஒரு பங்குதான் வெளியே வந்திருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அம்மாவுக்கு ஏற்ற இறக்கம் உண்டு, நிழல் குறைவு. காலைப் பேருந்திலேயே போங்கள். ஏப்ரலில் தாங்கும். ஜூலை, ஆகஸ்டில் யாராவது கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் தேதி ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் மெஸ்கீத்தா நேரங்கள் மாறும், தெருவெல்லாம் பவனி, தங்குமிடம் விலை ஏறும். சாதாரண ஞாயிறுகளிலும் காலையில் பூசை நடப்பதால் பார்வை நேரம் குறையும்.

மாலையில் பாலத்துக்குப் போங்கள். வண்டி போகாது, நடப்பவர்களுக்கு மட்டும். கீழே ஓடும் குவாதல்கிவிர் ஆற்றின் பெயர் அரபு "வாதி அல்-கபீர்". நம் மொழியில் பேராறு.

சொல்வேர் | பிப்ரவரி 11, இரவு 7.20

பெயர் என்றதும் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. மெஸ்கீத்தாவுக்கு முன்னால் இருக்கும் முற்றத்துக்கு "பாத்தியோ தெ லோஸ் நரான்ஹோஸ்" என்று பெயர். ஆரஞ்சு மரங்களின் முற்றம். ஸ்பானியத்தில் ஆரஞ்சுப் பழம் நரான்ஹா. அது அரபு நாரஞ்சிலிருந்து வந்தது, அரபுக்குப் பாரசீக நாரங், அதற்கு வடமொழி நாரங்க. அதற்கும் பின்னால் திராவிட வேர் இருக்கிறது என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் பரவலாகச் சொல்வது. நம் நாரத்தை, மலையாளத்து நாரங்ஙா எல்லாம் அந்தக் குடும்பம். முற்றத்தில் நிற்பதும் தின்னும் ஆரஞ்சு இல்லை, கசப்பு ஆரஞ்சு. அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். இன்றுள்ள மரவரிசைகள் மசூதிக் காலத்தவை அல்ல, பிற்பாடு நட்டவை. ஆனால் மரத்துக்கு மரம் நீர் போகத் தரையில் கல் வாய்க்கால் வெட்டியிருப்பதைப் பார்க்கத் தவறாதீர்கள்.

நீலாம்பரி | பிப்ரவரி 11, இரவு 7.52

மசூதிக் காலத்தில் முற்றத்துப் பக்கம் வளைவுகள் திறந்தே இருந்தன. வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே தூண்களுக்குள் பாய்ந்தது. இன்று பெரும்பாலும் அடைத்துவிட்டார்கள். உள்ளே ஏன் இவ்வளவு இருட்டு என்று அம்மா கேட்டால் இதுதான் பதில்.

யூதர் தெருவில் 1315இல் கட்டிய சின்ன ஜெபக்கூடத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரே அறை, பத்து நிமிடம். சுவரில் அரபுப் பாணிச் சுதை வேலை, அதில் ஹீப்ரு எழுத்து. 1492இல் யூதர்களை நாட்டை விட்டே துரத்திய பிறகு வெறிநாய்க்கடி நோயாளிகளுக்கான மருத்துவமனையாக இருந்தது. யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடெஸும் முஸ்லிம் தத்துவ அறிஞர் இப்னு ருஷ்தும் 12ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்தவர்கள். இருவருக்கும் பக்கத்திலேயே சிலை உண்டு.

வழித்துணை | ஏப்ரல் 28, இரவு 10.36

போய் வந்துவிட்டோம். சொன்னபடி எழுதுகிறேன்.

முதல் நாள் மதியம் இறங்கி, மாலையில் பாலம். மறுநாள் காலை 8.20க்கே கதவருகே நின்றோம், எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான். உள்ளே போனதும் அம்மா பேசவே இல்லை. ஒவ்வொரு தூணாகக் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டே போனார். கல்தச்சன் அண்ணா எழுதியதை விமானத்தில் வாசித்துக் காட்டியிருந்தேன், அதனால். திருகு வரித் தூண் முன்னால் வெகுநேரம் நின்றார். செங்கல் வளைவையும் சாயம் பூசிய வளைவையும் என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள்.

செவ்வானம், நீங்கள் சொன்ன இடத்தில் எனக்கும் குத்தியது. நீலாம்பரி சொன்ன இருக்கைகளையும் பார்த்தேன். இரண்டும் உண்மையாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது. செவியாவில் கிரால்டா அடியில் நின்றபோது இந்த இழைதான் நினைவில் ஓடியது.

கோர்டோபாவில் மெஸ்கீத்தாவின் மணிக்கூண்டு ஏற வேண்டாம் என்று அம்மாவைக் கீழே உட்காரவைத்து நாங்கள் மட்டும் போனோம். தெருவெல்லாம் கூழாங்கல் பதித்தது, மெல்லிய செருப்பில் அம்மாவுக்குப் பாதம் வலித்தது. போகிறவர்கள் தடித்த அடி உள்ள காலணி எடுத்துப் போங்கள். மதீனா அசாராவில் ஏற்றம் பயந்த அளவுக்கு இல்லை. கோமதி அக்கா, சால்மொரேஹோவை அம்மா மூன்று வேளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சொல்வேருக்கு ஒரு செய்தி. நாங்கள் இறங்கி வந்தபோது அம்மா முற்றத்தில் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கீழே விழுந்து கிடந்த ஓர் ஆரஞ்சு இலையைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன் இலையை என்னிடம் நீட்டி, "வேப்பிலைக்கட்டி இடிக்கிற வாசனைடா, நாரத்தை இலைதானே இது" என்றார்.

நீங்கள் எழுதியிருந்ததை அதற்குப் பிறகுதான் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.